மேல் ஸ்கேன், உள் ஸ்கேன்

போன வார அத்தியாயத்தில், வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் மயங்கி விழுந்தவளைத் தரையிலேயே விட்டுவிட்டு நான் கிளம்பிப் போய்விட்டேன் என்று பல பேருக்குக் கோபம். ஒரு வாசகி, 'ஒரு வாரமா அவ அங்கேயே கிடக்கிறா, உங்களுக்குத் தூக்கம் எப்படி வருது?' என்று எழுதிக் கேட்டிருக்கிறார். வரத்தான் செய்தது, அம்மா. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவள் எழுந்துவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். குடும்ப டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் ரொம்பக் குறைவு என்றார். மாதாமாதம் உதிரம் அளவுக்கு மீறிப் போவதும், இடது அடிவயிற்றில் பல மாதமாக வலி இருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் இவன் போன்தான் அடிக்கும். நல்லவன், அதிர்ந்து பேசாதவன். இந்த எட்டு வருஷத்தில் இருவரும் ஒரு நாள்கூடப் புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை.

காரணம் அவன் இல்லை. முதல் சில வாரங்களில் அவன் நெருங்கும்போதெல்லாம் அவள் உடம்பு இறுகிப் பூட்டிக்கொண்டது. உயிர் போகிற வலி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவன் பயந்து விலகினான். 'பரவாயில்ல, மெதுவா சரியாயிடும்' என்று சொன்னான். அதற்குப் பிறகு அவன் முயலவும் இல்லை, இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. குழந்தை எப்போது என்று கேட்கிறவர்களிடம் அவன் சிரித்துவைப்பான், அவள் பேச்சை மாற்றுவாள்.

தன் உடம்பில்தான் கோளாறு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இப்படி ஒன்று உலகத்தில் தன் ஒருத்திக்கு மட்டும்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஸ்கேன்.

பெண்களின் அடிவயிற்றை ஸ்கேன் செய்ய இரண்டு வழி உண்டு. தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்திருக்க, வயிற்றின் மேல் கருவியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பது ஒன்று. மெல்லிய கோல் போன்ற கருவியைப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பது இன்னொன்று. அதற்குப் பை காலியாக இருக்க வேண்டும். மேல் ஸ்கேன், உள் ஸ்கேன் என்று ஜனங்கள் சுருக்கிச் சொல்வார்கள். கருப்பைக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்ப்பதால் உள் ஸ்கேனில் நுணுக்கமாகத் தெரியும்.

மாமியார் போனை எடுத்துப் பதிவு செய்தது உள் ஸ்கேனுக்கு.

மாமியாரைத் தெருவில் எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், தொண்டையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சமையலறையில் இருந்து கூப்பிட்டால் மேல்மாடி வீட்டுக்காரர் எழுந்து நிற்பார்.

அன்று காலை அந்தக் குரல் குளியலறைக் கதவுக்கு வெளியே கேட்டது.

"ஏம்மா, உள்ள என்ன பண்றே? நேரமாச்சு."

"வந்துட்டேன், அத்தை."

உள்ளே அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாயில் கவிழ்த்து, மூச்சு விடாமல், குமட்டக் குமட்டக் குடித்தாள். வயிறு முட்ட இருந்தால் மேலேயே பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. பாவம், அவளுக்கு வேறு ஆயுதம் இல்லை.

மாடிப்படியில் கணவன் நின்றிருந்தான். கையில் வண்டிச் சாவி. அம்மா கீழே இறங்குகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மேல் ஸ்கேன் போதும்னு நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னாலும் ஏன்னுதானே கேப்பாங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் படியைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஏதோ அலுவலகத்தில் லிஃப்டுக்குள் நான்கு பேர்.

"முடிச்சுட்டு நேரா அங்க வந்துடறேன்," என்றான்.

எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் கதவைத் திறந்து வெளியே விடுகிறவன், வீட்டில் ஒருத்தி மூச்சுமுட்ட நிற்பது தெரிந்தும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஸ்கேன் சென்டர் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வரிசையாக இரும்பு நாற்காலிகள். சுவரில் சத்தம் குறைத்து வைத்த டிவி. தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் கால்மேல் கால் போட்டு, பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரை விட்டு முகத்தை எடுக்காமல் கேட்டாள்.

"வயசு?"

டீச்சரம்மா சொன்னார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. என் மருமக."

"அப்ப உள் ஸ்கேன் ஓகே. கூப்பிடறப்ப யூரின் போயிட்டு வரணும். உக்காருங்க."

கேள்வி முடிந்தது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் டீச்சரம்மா மருமகளின் முழங்கால்மேல் கை வைத்தார். வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார்.

"உனக்குக் கூச்சமா இருக்குன்னு தெரியும்மா. நான் ஏன் இதுல பிடிவாதமா இருக்கேன்னு உனக்குச் சொன்னதில்ல."

"என்ன அத்தை?"

"என் தங்கச்சிய நீ பாத்ததில்லையே. ஃபோட்டோவுல பாத்திருப்பே. எனக்கு நேர் இளையவ. கல்யாணம் வேண்டாம்னு இருந்துட்டா. வயித்து வலின்னு ஒரு இடத்துக்குப் போனோம். இதே மாதிரி ஒரு கவுன்ட்டர், இதே கேள்வி. கல்யாணம் ஆயிடுச்சா? இல்லைன்னேன். நான்தான் சொன்னேன். அப்படின்னா மேல் ஸ்கேன் மட்டும்தான்னாங்க. மேல பாத்துட்டு ஒண்ணும் சரியா தெரியல, வாயுவா இருக்கும்னு அனுப்பிட்டாங்க. நாங்களும் நிம்மதியா வந்துட்டோம்."

அவர் டிவியைப் பார்த்தபடியே பேசினார்.

"மறுபடி போனப்போ சினைப்பையில கட்டி, பரவியாச்சுன்னாங்க. உள்ள பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு ஒரு டாக்டர் சொன்னார். தெரிஞ்சிருக்குமோ, தெரிஞ்சிருக்காதோ. அவ போயிட்டா. உன் வயித்து வலியும் அதே இடது பக்கம். நான் எப்படிம்மா சும்மா இருப்பேன்?"

இத்தனை நாளும் இந்தப் பிடிவாதத்தைப் பேரப்பிள்ளை ஆசை என்றே அவள் நினைத்திருந்தாள். திட்டிக்கூட இருக்கிறாள், மனசுக்குள். இப்போது அந்த அம்மாளின் கை முழங்கால்மேலேயே கிடப்பதைப் பார்த்ததும் அழுகை முட்டியது. வயிற்றுக்குள் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு நின்றது.

பெயர் கூப்பிட்டார்கள்.

அறை இருட்டாக, குளிர்ந்து கிடந்தது. ஸ்கேன் டாக்டர் ஒரு பெண். கழுத்தில் வலிக்குப் பட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ். டீச்சரம்மாவும் உள்ளே வந்து தலைமாட்டில் நின்றுகொண்டார்.

"யூரின் போயாச்சா?"

"இல்ல, டாக்டர்." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி குடிச்சுட்டேன். மேலயே பாத்துடுங்களேன்."

"என்னம்மா இது?" என்றார் டீச்சரம்மா. "அத்தனை தடவை சொன்னேனே!"

"பரவாயில்லைம்மா. எப்படியும் நான் முதல்ல மேலதான் பாப்பேன்," என்றார் டாக்டர்.

குளிர்ந்த பசை வயிற்றில் பட்டது. கருவி மெல்ல நகர்ந்தது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே எதையோ அளந்தார், திரும்பவும் அளந்தார். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. அழுத்தினார். சாய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லிப் பார்த்தார்.

நமது கண்ணாடிக் கடைக்காரிக்கு அந்த முகம் பழக்கமானது. 'இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா?' என்று தினம் அவள் கேட்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்படித்தான் புருவத்தைச் சுருக்குவார்கள். இரண்டிலும் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க," என்றார் டாக்டர்.

"நான் கூட இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்."

"நான் பாத்துக்கறேன். வெளிய இருங்க."

விளையாட்டு டீச்சருக்கே உத்தரவு போடும் குரல் அது. டீச்சரம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"இடது சினைப்பையில ஒரு கட்டி இருக்கு," என்றார் டாக்டர். "சின்னது இல்ல. உள்ள வெறும் நீரா, இல்ல கெட்டியா ஏதாவது இருக்கான்னு மேல இருந்து எனக்குத் தெரியல. குடல் மறைக்குது. நிறைய பேருக்கு இது சாதாரண நீர்க்கட்டியா இருக்கும். ஆனா பாக்காம அப்படிச் சொல்ல மாட்டேன். உள்ள வெச்சுப் பாத்தா நல்லா தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு உடலுறவு பழக்கம் இருக்கா?"

அவள் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"கல்யாணமாயிடுச்சுன்னு எழுதியிருக்கு. அதனால மட்டும் எனக்கு எதுவும் தெரிஞ்சுடாது," என்றார் டாக்டர். "கேக்க வேண்டியதைக் கேக்க வெக்கப்பட்டு எல்லாரும் கல்யாணத்தைக் கேக்கறாங்க. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது."

அவள் சொன்னாள். முதல் வாரங்கள், அந்த வலி, அவன் விலகியது, பேசாமலே போன வருஷங்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

"உங்களுக்கு மட்டும்னு நினைச்சீங்களா?" என்றார் டாக்டர்.

அவள் தலையாட்டினாள்.

"இந்தக் கட்டில்ல படுத்து எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்காங்க. நீங்க பிடிவாதமா செய்யறது இல்ல இது. பயத்துல தசை தானா இறுகிக்கும். இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு. ஒரு நாள் உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, யாரைப் பாக்கணும்னு எழுதித் தரேன்."

எட்டு வருஷம்! இதைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் எட்டு வருஷம் போயிருக்கிறது.

"இப்ப கட்டிக்கு வருவோம். உள் ஸ்கேன் வேண்டாம்னா எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். நாள் தள்ளும், செலவும் கூட, ஆனா நல்லா தெரியும். எதுவும் கட்டாயம் இல்ல. உங்க உடம்பு, நீங்க சொல்லுங்க."

அவள் கதவைப் பார்த்தாள். வெளியே இரும்பு நாற்காலியில் ஒருத்தி தங்கையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"முயற்சி பண்ணிப் பாக்கலாமா, டாக்டர்? நிறுத்துன்னா நிறுத்திடுவீங்களா?"

"வாயைத் திறந்தாலே நிறுத்திடுவேன்."

அவள் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்து படுத்தாள். டாக்டர் கருவியைக் காட்டினார். வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சை இழுத்துவிட்டாள். இந்தத் தடவை முடியும் என்று நிஜமாகவே நினைத்தாள்.

கருவி பட்ட நொடியில் உடம்பு பழையபடி பூட்டிக்கொண்டது. தொடைகள் நடுங்கின. அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதான். நிறுத்தியாச்சு."

"இன்னொரு தடவை..."

"வேண்டாம். இன்னைக்குப் போதும். எம்.ஆர்.ஐ. எடுத்துக்கலாம், நான் எழுதித் தரேன். தள்ளிப்போட மட்டும் கூடாது."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். வலிக்காக இல்லை. தோற்றுப்போனதற்காக அழுதாள். எழுதுகிற எனக்கும் அந்த இடத்தில் அவளை எப்படித் தேற்றுவதென்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது கணவன் வந்து நின்றிருந்தான். கையில் கிரீஸ் கறை. அவன் கண்கள் அவள் முகத்தைத் தேடின. எல்லாவற்றையும் அவனிடம் உடனே சொல்லிவிட வேண்டும்போல அவளுக்குத் துடித்தது. இதற்குப் பேர் இருக்காம், வைத்தியம் இருக்காம், நீங்களும் வரணுமாம்.

ஆனால் ரிப்போர்ட் டீச்சரம்மா கையில் இருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார்.

"வயித்து மேல் வழியாக மட்டும் பார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கே. கட்டி இருக்குன்னு போட்டிருக்கு. உள்ள என்னன்னு தெரியலைன்னு போட்டிருக்கு." அவர் குரல் ஏறியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "தெரியலையாம்! என் தங்கச்சிக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்தாங்க!"

"அம்மா, கீழ போய்ப் பேசலாம்," என்றான் மகன்.

மருந்துக்கடைக்குப் பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். அவனுடைய வேன் கதவில் கம்பெனிப் பெயர் உரிந்திருந்தது.

"எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்காங்க, அத்தை. அதுல தெரியுமாம்."

"அதுக்கு எப்ப நாள் கிடைக்கும்? அது வரைக்கும் கட்டி காத்துக்கிட்டு இருக்குமா? பெரிய ரோட்டுல இன்னொரு சென்டர் இருக்கு. இப்பவே போறோம். நான் உள்ள வந்து உன் கையப் பிடிச்சுக்கறேன். எவ வெளிய போகச் சொல்றான்னு பாக்கறேன்."

"வேண்டாம், அத்தை."

"கல்யாணமான பொண்ணுக்கு இதுல என்னம்மா கூச்சம்? கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா உயிர் தப்பும். ஏறு வண்டியில."

"அத்தை, என்னால முடியாது..."

"முடியாதுன்னா? காரணம் சொல்லு. ஒரு காரணம் சொல்லு, நான் வாயை மூடிக்கறேன்!"

அவர் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் வேன் கதவில் சாய்ந்துகொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, கையை விடு."

மகன் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தார்.

"அவளை எந்த சென்டருக்கும் கூட்டிட்டுப் போக வேண்டாம். அவளால முடியாது. எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒண்ணும் நடந்ததே இல்ல."

"என்னடா சொல்றே?"

"கல்யாணம் ஆனதுல இருந்து இல்ல." அவன் நிறுத்தினான். "குறை என்கிட்டம்மா. என்னால முடியல. டாக்டரைப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். அவ பாவம், யார்கிட்டயும் என்னைக் காட்டிக் கொடுக்கல. அவளை ஒண்ணும் கேக்காதே."

அவன் முகம் அமைதியாக இருந்தது. இந்தப் பொய்யை இவன் இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை, எப்போதோ தயார் செய்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

டீச்சரம்மா மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தொண்டை முதல்முறையாக வேலை செய்யவில்லை. பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. குறை அவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை, இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று மூன்றே வாக்கியம். மாடியில் டாக்டரிடம் சொன்னவள்தான். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"ஆமா, அத்தை," என்றாள்.

டீச்சரம்மாவின் பிடி தளர்ந்தது. பிடித்து இழுத்த மணிக்கட்டையே தடவிக் கொடுத்தார். அப்படியே மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எட்டு வருஷமா குழந்தை இல்லைன்னு உன்னைத்தானேம்மா குத்திக் காட்டினேன். குறைய என் பிள்ளைகிட்ட வெச்சுக்கிட்டு உன்னைக் குத்தினேனே."

அவள் தோளுக்கு மேல் பார்த்தாள். அவன் வேன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். உள்ளே ஏறும்போது அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் நீட்டிய கையையும் தொடவில்லை.

"நீ வண்டியை மட்டும் ஓட்டு," என்றார். "எம்.ஆர்.ஐ.க்கு நானே கூட்டிட்டுப் போறேன். இவ விஷயத்துல நீ இனிமே தலையிட வேண்டாம். டாக்டர் வேற என்னம்மா சொன்னாங்க?"

வண்டி நகர்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவனின் பின்கழுத்து தெரிந்தது. வியர்த்திருந்தது.

"வேற ஒண்ணும் சொல்லல, அத்தை," என்றாள்.